நான் பேசாமல் இருந்த டிசம்பர்

டிசம்பர் என்றால் எனக்கு ஓட்டம்தான். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயர். மேல் குரல் பாடியவர்களில் அப்போது நான்தான் மூத்தவள். பள்ளியில் பரீட்சை, சர்ச்சில் ஒத்திகை, வீட்டில் ஒட்டடை அடிப்பது, திரைச்சீலை மாற்றுவது, டின் டின்னாகக் குல்குல் இனிப்பு பொரிப்பது, கிறிஸ்துமஸ் அன்று முப்பது பேருக்குப் பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது நான் சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். அதை யாராவது பார்த்துப் பரிதாபப்பட்டால் எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஓட்டம் நின்றது. தொண்டை கட்டியிருக்கிறது என்று மூன்று வாரம் மிளகுப் பாலும் வெந்நீருமாகத் தள்ளிக் கொண்டிருந்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக் கொண்டிருந்தபோது குரல் பாதியில் நின்றுபோனது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. முன் வரிசைப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக் கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே என் கணவர் என்னைக் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் வந்திருக்கின்றன, டீச்சர்களுக்கு இது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட வேண்டியதை அடுத்துச் சொன்னார்.

“ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது மேடம். கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம், அதுவும் வேணாம். பாட்டைப் பத்தி இப்ப நினைக்கவே நினைக்காதீங்க.”

வாசலுக்கு வந்ததும் அழுகை வந்தது. அழுதால் தொண்டை இறுகும் என்று அதையும் அடக்கிக் கொண்டேன். கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடும் கேரல் ஆராதனைக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. அதில் தனியாக ஒரு பாட்டு எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வந்து ஒரு கயிற்றில் கட்டிக் கொடுத்தாள். பள்ளியில் மருத்துவ விடுப்பு கிடைத்தது. கொயர் மாஸ்டருக்கு நீளமாக ஒரு வாட்ஸப் செய்தி எழுதினேன். பாட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்து விடுவதாகவும் எனக்காக ஜெபிப்பதாகவும் அவர் உடனே பதில் போட்டார். இவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைத்துவிட்டதே என்று மனசு கொஞ்சம் சுருங்கியது.

முதல் இரண்டு நாள் வீட்டில் பைத்தியம் பிடித்தது போல் இருந்தது. பலகையில் எழுதி எழுதிக் கட்டளை போட்டேன். திரைச்சீலையைக் கழற்று, டின்னைக் கழுவு, மைதா வாங்கு. நான் எழுதி முடிப்பதற்குள் மகள் அறையை விட்டுப் போயிருப்பாள். என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். போக வரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும், வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைவு. மூன்றாம் நாள் அவர் என் பலகையை வாங்கி, நான் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

“இதுல எது செய்யலேன்னா கிறிஸ்துமஸ் வராது, சொல்லு.”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் குல்குல் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஒரே டின். முப்பது பேருக்கும் அவரே போன் செய்து, இந்த வருடம் விருந்து இல்லை, என் மனைவிக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னார். ஒருவரும் கோபித்துக் கொள்ளவில்லை. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதற்கடுத்த நாளிலிருந்து எனக்குச் செய்ய எதுவும் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் நல்ல வெயில் வரும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் அண்ணி வந்து சேர்ந்தார்.

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. இதே ஊரில் ஆடுகோடியில் இருந்தவர். அந்த டிசம்பருக்குப் பதினோரு வருடத்துக்கு முன் அவர் கணவர் திடீரென்று இறந்துபோக, பிள்ளைகள் இல்லாததால் எங்கள் வீட்டு மாடிப் பகுதிக்கு வந்துவிட்டார். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மேலே போய்விடுவார். என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவரைக்காய் காலம். அண்ணி ஒரு பாத்திரம் நிறைய அவரைக் கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு கொட்டையாக விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். குழம்புக்கு அதுதான் ருசி. ஆனால் பிதுக்கி முடிக்க ஒரு காலை நேரமே போய்விடும் என்பதால் நான் வருடக்கணக்காக அதைச் செய்ததில்லை. பாத்திரத்தை நடுவில் வைத்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் பிதுக்கினோம்.

முதல் நாள் அவரும் பேசவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் பேசினார். பக்கத்து வீட்டு நாய், கன்னட சீரியல், முழங்கால் வலி. நான் தலையாட்டினேன். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் கட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்தபடி, குரலை ஏற்றாமல் இறக்காமல் ஆரம்பித்தார்.

“நான் இங்க வந்த முதல் கிறிஸ்துமஸ் உனக்கு ஞாபகம் இருக்கா? அவரு போயி ரெண்டு மாசம்கூட ஆகல. எனக்கு ஒரு ஓரமா உக்காந்துனு இருக்கணும்னு மட்டும்தான் இருந்துச்சு. நீ விடல. மாவு பிசையக் கூப்ட்டே, மார்க்கெட்டுக்குக் கூப்ட்டே, நட்சத்திரம் கட்டக் கூப்ட்டே. வர்றவங்களுக்கெல்லாம் என்னையே பரிமாறச் சொன்னே. அழறதுக்குக்கூட எனக்கு நேரம் இல்ல.”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவரைத் தனியாக விட்டால் உடைந்துபோவாரோ என்று பயந்துதான் அவ்வளவும் செய்தேன். நல்லது செய்ததாகவே பத்து வருடத்துக்கு மேல் நினைத்திருந்தேன். பலகையை இழுத்து வேகமாக எழுத ஆரம்பித்தேன். ‘உங்களுக்காகத்தான் நான்’ என்று எழுதிவிட்டுப் பார்த்தபோது, எழுத்தில் அது என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியதாகத்தான் தெரிந்தது. குரல் இருந்திருந்தால் அந்த வரியையும் அதற்கு மேல் பத்து வரியையும் சொல்லி முடித்திருப்பேன். அவரும் எழுந்து போயிருப்பார். உள்ளங்கையால் அதைத் துடைத்தேன்.

அண்ணி நான் துடைத்ததைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே தொடர்ந்தார்.

“கோபம்லாம் எப்பவோ போயிடுச்சு. சொல்லணும்னு இருந்துச்சு, சொல்ல இடம் கிடைக்கல. அவ்ளோதான்.”

‘பயத்தில் செய்தேன், தெரியாமல் போச்சு அண்ணி’ என்று மட்டும் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“நீ பயந்துனு இருந்தேன்னு எனக்கும் அப்ப தெரியல” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் தினமும் பத்து மணிக்கு அவர் வருவார். ஒருநாள் குல்குல் மாவைக் கொண்டுவந்து முள்கரண்டியின் முதுகில் வைத்து உருட்டினோம். நான் தனியாகச் செய்யும்போது ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, அன்று மத்தியானம் வரை இழுத்தது. மகளும் வந்து உட்கார்ந்து உருட்டினாள். வீதியில் பழக்காரர் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனார். கீழே எந்த அவசரமும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அந்த எண்ணமே புதிதாக இருந்தது.

கேரல் ஆராதனைக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். மற்றவர்கள் பாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா என்று சந்தேகம். அண்ணிதான், என்கூட வா, நான் உட்காரும் இடத்தில் உட்கார் என்றார். பதினோரு வருடமாக ஒரே சர்ச்சுக்குப் போகிறோம். அவர் எங்கே உட்காருவார் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் முன்னால் கொயரில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னாலிருந்து நாலாவது வரிசையில், ஒரு தூணை ஒட்டியிருந்தது அவர் இடம். அங்கிருந்து கொயர் பாதிதான் தெரியும்.

ஆனால் என்ன அழகாகக் கேட்டது! பாடுகிறவளுக்கு அடுத்த வரியும் அடுத்த மூச்சும்தான் நினைவில் இருக்கும். அத்தனை வருடம் பாடிய அதே பாட்டுகளை அன்றுதான் நான் முழுசாகக் கேட்டேன். கீழ்க்குரல் ஆண்கள் அவ்வளவு மென்மையாகப் பாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கொடுத்திருந்த பாட்டை ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் பாடினாள். இரண்டாவது அடியில் தப்பான இடத்தில் மூச்சு வாங்கினாள். முதலில் என் மனம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவள் பாட்டுத் தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. மூன்றாவது அடிக்கு வரும்போது அவளுக்காக நான் ஜெபித்துக் கொண்டிருந்தேன். முடிந்ததும் அவளைத் தேடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பலகை தேவைப்படவில்லை.

இருபத்திரண்டாம் தேதி டாக்டர் மறுபடி பார்த்தார். முடிச்சுகள் சுருங்கியிருக்கின்றன, மணிக்கு ஐந்து நிமிடம் மெதுவாகப் பேசலாம் என்றார். முதல் வார்த்தை ஏதாவது நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் பால் பொங்கிக் கொண்டிருந்தது. “அடுப்பு” என்றுதான் வந்தது. கரகரப்பாக, யாரோ பேசுவது போல. மகள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் நாலு பேர்தான். பிரியாணி இல்லை. கோழிக் குழம்பும் சோறும், பக்கத்து பேக்கரி கேக்கும். நான் மேசையில் எல்லோருடனும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன் ஜெபம் யார் செய்வது என்று பார்த்தபோது அண்ணி என்னைச் சொன்னார். எனக்கு இருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் தேவைப்பட்டது. இந்த வீட்டுக்காக நன்றி, இவர்களுக்காக நன்றி, இந்த ஓய்வுக்காக நன்றி. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மேல் ஸ்தாயி எனக்குத் திரும்பி வரவில்லை. இப்போது கொயரில் கீழே இருக்கும் பெண் குரலில் பாடுகிறேன். வகுப்பில் சின்ன மைக் மாட்டிக் கொள்கிறேன். முப்பது பேர் விருந்தை ஜனவரிக்குத் தள்ளிவிட்டோம். அப்போது வருகிறவர்களும் அவசரமில்லாமல் வருகிறார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் பாத்திரங்களைக் கழுவப் போனார். நான் சும்மா ஐந்து நிமிடம் என்று படுத்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் கிறிஸ்துமஸ் மத்தியானம் நான் தூங்கியதே இல்லை. விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. கூடத்தில் அண்ணி நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். ஓரமாக, யாரும் எழுப்பாமல். நான் ஒரு சால்வையைக் கொண்டுபோய் அவர் கால்மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.