ஐஸில் வெளுத்த புகை

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்ற ஆறும், தாயில்லாமல் போன நாத்தனார் பிள்ளைகள் இரண்டுமாக எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நாலு நாளாக நானேதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்தார். அக்காவைக் கட்டிக்கொள்ள அவருக்குத்தான் முறை. அக்காவுக்கும் அதுதான் ஆசை. அப்பாவுக்கு மட்டும் இளக்காரம். "பாட்டில் கழுவுறவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்பார்.

தன் வேலை கழுவுவது மட்டுமில்லை என்று காட்டத்தான் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தார். மடியில், துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் வாயை உருக்கி மூடியிருந்தார்கள். உள்ளே பழுப்பாக ஒரு புகை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார், பழுப்பு கறுத்தது. மீன் ஏற்றுகிற இடத்தில் வாங்கி வந்த ஐஸ் கட்டிகளுக்குள் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"சாயம் எங்கடா போவுது?" என்றார் அப்பா.

"எங்கியும் போவல மச்சான். உள்ள ரெண்டு சரக்கு இருக்கு. சூடு பட்டா தனித்தனியா பிரியும், அது பழுப்பு. குளுந்தா ரெண்டு ரெண்டா சேந்துக்கும், அதுக்கு நெறம் கெடையாது. இடத்த நெருக்கினாலும் சேரத்தான் பாக்கும். பிரியறதும் சேர்றதும் எந்நேரமும் நடந்துகிட்டேதான் இருக்கும். எந்தப் பக்கம் ஜாஸ்திங்கறதுதான் மாறும்."

"அப்ப மார்கழியிலதான் கல்யாணம் வைக்கணுங்கற."

மார்கழியில் எந்த வீட்டில் தாலி கட்டுவார்கள். அம்மா சிரித்தாள். கதவுக்குப் பின்னால் அக்காவும் சிரித்தாள். அப்பா கேலி பேசினால் பாதி சம்மதம். "மத்தியானம் அண்ணன் வரட்டும், அவருக்கும் காட்டு. அப்பறம் தட்டு மாத்தறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

பெரியப்பாவுக்கு நன்றாகக் கறுத்ததாகக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் வந்து பெரியவர்கள் வாசலில் நின்றபோது, ஐஸில் கிடந்த குடுவையை எடுத்து அடுப்பில் கொதித்த உலையில் போட்டேன். 'டப்'பென்று வெடித்தது. புகை கண்ணையும் மூக்கையும் எரித்தது. மாமா ஓடிவந்து என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டார். அப்பா வரும்போது உடைந்த கண்ணாடி மாமா கையில் இருந்தது.

"நாந்தான் மச்சான். கை தவறிடிச்சி."

"சம்மந்தம் பேச வந்த அன்னிக்கு ஒலப்பானையில கண்ணாடி ஒடஞ்சா வெளங்குமா?" என்றார் பெரியப்பா. தட்டு மாற்றும் பேச்சை அப்பா அதோடு விட்டுவிட்டார். மாமா சாப்பிடாமலே, இருமிக்கொண்டே ரயிலுக்குப் போனார்.

தை மாதம் அக்காவைக் காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்புக்காரருக்குக் கொடுத்தார்கள். தாய்மாமன் சீராகப் புடவையும் மாலையும் மாமாதான் கொண்டுவந்தார். அக்கா கழுத்தில் அந்த மாலையைப் போட்டவரும் அவர்தான். அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்து பாயசம் குடித்தேன்.

மாமா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் செத்த அன்றுதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டி. கெணத்தடியில நின்னு பாத்துகிட்டுதான் இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன்ன அவருக்கே கட்டிக் குடுத்திருப்பாங்களே."

"சத்தம் கேட்டதுமே அப்பா அடிக்கறதுக்குப் புளியமிலாற கையில எடுத்துட்டாரு. ஒனக்கு அப்ப எட்டு வயசு" என்றாள்.

பேத்தி, என் வரிகள் கோணலாகத்தான் இருக்கும். ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. அக்கா பேசுகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் படி.