காளான் குப்பை கேட்ட சிஸ்டர்

அவசரப் பிரிவில் அவருக்கு வைத்திருந்த பெயர் குப்பை சிஸ்டர். முகத்துக்கு நேரே சொன்னாலும் சிரித்துக்கொள்வார். காளான் தின்று வாந்தியோடு யார் வந்தாலும், ஒரு பக்கம் ஊசியை ஏற்றிக்கொண்டே, கூட வந்தவரை வீட்டுக்குத் திருப்பி விரட்டுவார்.

"போய் அடுப்படிக் குப்பையை அப்படியே காகிதப் பையில கட்டிட்டு வாங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம், அழுகிடும். கழுவிக் கிழுவி வைக்காதீங்க."

காரணம் இருந்தது. காளானை நறுக்குகிறவர்கள் மண் ஒட்டிய அடிக்கட்டையைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள். ஆளைக் கொல்லும் ஒரு வகைக் காளானின் அடையாளமோ அந்த அடியில் இருக்கிறது. உடைந்த முட்டை ஓடு போல ஒரு வெள்ளை உறை. சட்டியில் வெந்து கிடக்கும் துண்டுகளைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான். பதில் குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

இதைக் கற்றுக்கொள்ள அவர் விடுமுறை நாட்களில் தாவரவியல் ஆய்வகத்துக்குப் போய் வந்தார். மழைக்காலம் முடிந்ததும் மற்றவர்கள் உறவினர் வீட்டுக்குப் போக, இவர் மரத்தடியில் குந்தியிருப்பார். வீட்டுக்காரருக்கு இதில் ஒரு குறை உண்டு: "என் பிறந்தநாள் மறந்து போகும். எந்தக் காளான் எந்த மரத்தடியில முளைக்கும்னு மட்டும் மறக்காது."

அவருக்கு உண்மையான பகை விஷத்தோடு இல்லை, பொய்யோடு. வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, புழு தின்றிருக்கிறது, ஆகவே நல்ல காளான் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். இந்தச் சோதனைகளில் ஒன்றுக்குக்கூட அடிப்படை கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தின்றுவிட்டு, இன்னும் அனுபவ அறிவு என்ற பெயரில் உலவுகின்றன. சிஸ்டர் ஒரே கேள்வி கேட்பார்: "புழுவுக்கும் உங்களுக்கும் ஒரே கல்லீரலா?"

ஒரு திங்கட்கிழமை காலை மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். கணவர், மனைவி, கணவரின் தம்பி. சனிக்கிழமை சாலையோர மரத்தடியில் கணவர் பறித்த காளான். வெள்ளிக் கரண்டி சோதனையில் தேறி, இரவு மேசைக்கு வந்திருக்கிறது. ஞாயிறு முழுக்க வாந்தியும் பேதியும். கூட வந்திருந்தவர் மனைவியின் அண்ணன். காளான் பிடிக்காததால் தப்பியவர். அவர் கையில் ஒரு டப்பா.

"நேத்தே இதைக் குடுத்தேன் சிஸ்டர். மருந்துக் காளான் பொடி. கல்லீரலைச் சுத்தம் பண்ணுமாம்."

"மருந்தாகுற காளானும் இருக்கு, சார். ஆனா இந்த விஷத்தைப் பொடி எடுக்காது. ஒரு நாளைத்தான் எடுத்துக்கிச்சு."

டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டுக் குப்பையைக் கேட்டார். அண்ணன் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு வராததால் குப்பை கொட்டப்படாமல் இருந்தது. சிறிது நேரத்தில் பையோடு வந்து நின்றாள். சிஸ்டர் செய்தித்தாளை விரித்துக் கொட்டி, வெங்காயத்தோலை விலக்கினார். மண் அப்பிய அடிக்கட்டைகள். ஒன்றைத் திருப்பினார். வெள்ளை உறை. தாவரவியல் ஆய்வகமும் அதையே சொன்னது. டாக்டர் மூவருக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்.

அங்கேயே வேலை முடிந்திருக்கலாம். சிஸ்டர் மறுபடி குப்பையைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"அவ எதுக்குச் சாப்பிடப் போறா? மேசையில உட்கார்ந்தது மூணே பேர்தான்" என்றார் அண்ணன்.

"உங்களைக் கேக்கலை, சார். இந்த ரத்தத்தை லேப்ல குடுத்துட்டு, ரசீது வாங்கிட்டு வாங்க."

அவர் போனதும் கேள்வியை மாற்றினார்.

"சனிக்கிழமை ராத்திரி சட்டியை யாரு கழுவினது?"

"நான்தான்."

"கழுவும்போது காலியா இருந்துச்சா?"

அவள் காலிப் பையை மடிக்கத் தொடங்கினாள்.

"மூணு பேர் சாப்பிட்டு மிச்சமே வைக்கலையா? வச்சிருந்தா குப்பையில இருக்கணும். அடிக்கட்டை இருக்கு, வெங்காயத்தோல் இருக்கு. மிச்சம் எங்கே?"

அவள் புடவை நுனியை விரலில் சுற்றினாள். "சொன்னா திருடின்னு சொல்லுவாங்க. போன மாசம் ரெண்டு ஆரஞ்சுப் பழத்துக்கே..."

"எடுத்துத் தின்னதா, குடுத்துத் தின்னதான்னு கல்லீரல் கேக்காதும்மா. எவ்வளவு?"

"ஒரு கிண்ணம். அங்கேயே நின்னுட்டுத் தின்னேன். நேத்து வயிறு பிடுங்கி எடுத்துச்சு, எழுந்திருக்கவே முடியலை. இப்ப நின்னுடுச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

சிஸ்டரின் முகம் மாறியது. இந்த விஷத்தின் மிகப் பெரிய சூழ்ச்சி இதுதான். முதல் நாள் வதைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் விட்டுவிடும். ஆள் பிழைத்துவிட்டதாக நம்பி வேலைக்குப் போவார்.

"நின்னுடுச்சுன்னா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. வயித்தை விட்டுட்டுக் கல்லீரல்ல வேலை பார்த்துட்டு இருக்கு. படுங்க."

"வீட்டைத் துடைக்கணும் சிஸ்டர். சாவி என்கிட்ட இருக்கு. போகலைன்னா வேலை போயிடும்."

"போனா நீங்களே போயிடுவீங்க. கையை நீட்டுங்க."

ரத்தப் பரிசோதனை வந்தபோது டாக்டர் நான்காவது படுக்கைக்குக் கையெழுத்திட்டார். அது வீட்டுக்காரம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ரசீதோடு திரும்பிய அண்ணன் குதித்தார்.

"கல்லு மாதிரி நின்னாளே, இவளுக்கு எதுக்கு பெட்? ஒருவேளை இவதான் ஏதாவது கலந்துட்டாளோ?"

"காளானைப் பறிச்சது யாரு, சார்?"

"மச்சான்."

"நறுக்கினது, சமைச்சது?"

"தங்கச்சி."

"அப்ப பழி மட்டும் எப்படிச் சட்டி கழுவினவங்க மேல வந்துச்சு?"

அண்ணன் டப்பாவைத் தேடுவது போல வெளியே போனார்.

எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மேசையில் உட்கார்ந்தவர்களை எண்ணிச் சொல்வது எல்லா வீட்டிலும் வழக்கம். நின்றுகொண்டு தின்றவரை யாரும் எண்ணுவதில்லை. அவர் செத்தால் வேறு ஏதோ காய்ச்சல் என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கணக்கை ஏற்க மறுத்ததுதான் சிஸ்டரின் பெருமை. அவருக்கு விருது கொடுக்க யாருக்கும் தோன்றியதில்லை; தோன்றியிருந்தால் அந்த மேடையிலும் கேள்விதான் கேட்டிருப்பார்.

நால்வரில் அந்தப் பெண்ணின் நிலைதான் மோசமானது. சட்டியின் அடியில் தங்கியதெல்லாம் அவள் கிண்ணத்துக்குப் போயிருந்தது. கண் மஞ்சளானது. கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தது. டாக்டர் கல்லீரல் மாற்று பற்றிப் பேச ஆரம்பித்தார். சிஸ்டர் விடுமுறையைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு ரத்த அறிக்கையையும் தானே போய் வாங்கி, படிக்கட்டிலேயே பிரித்துப் பார்த்தார். ஒரு நாள் கல்லீரல் சேதத்தைக் காட்டும் எண் ஏறவில்லை. மறுநாள் இறங்கியது. படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கினார்.

"சிஸ்டர், பசிக்குது" என்றாள் அவள்.

"என்ன வேணும், சொல்லுங்கம்மா."

பக்கத்துப் படுக்கையில் வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது இமையில் தெரிந்தது.

"எதுனாலும் சரி. மிச்சமா மட்டும் வேண்டாம்."

சிஸ்டர் சமையலறைக்குத் தானே இறங்கிப் போனார். சாப்பாட்டு நேரம் இன்னும் வரவில்லை என்றார் சமையல்காரர். சிஸ்டர் அடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புதுசா வைங்க. வேகுற வரைக்கும் இங்கேதான் இருப்பேன்."