சனிக்கிழமை நைட் ஷிஃப்ட்

எங்கள் ஃபேக்டரியின் மூன்று ஷிஃப்டில் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். எதை என்று காலை மீட்டிங்கில் என் ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயல் ஊரிகத்தில் பெங்களூர் ரயிலேறி இடம் பிடித்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். எக்செல்லில் சேர்த்துக்கொள்ளும் ஆட்-இன் ஒன்றை ஆபீசில் கொடுத்திருக்கிறார்கள். ஐ.டி. ஆட்களைக் கெஞ்ச வேண்டாம். ஒரு பட்டனை அழுத்தினால் பங்காருப்பேட்டை ஃபேக்டரியின் உற்பத்தி முழுக்க நம் ஷீட்டில் வந்து விழும். விழுந்தது. கடைசி இடத்தில் நைட் ஷிஃப்ட். என் கணவர் வேலை பார்ப்பது அதில்தான்.

ராத்திரியெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டுவதாக இந்த மனிதர் அளந்ததெல்லாம் பொய்யா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் தொடங்கும் முன்பே தூங்கி வழிவார், நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பேன். அதை நினைத்துப் பல்லைக் கடித்தபோதுதான் உறைத்தது. அவர் நேராக ஷிஃப்டிலிருந்து அல்லவா வருகிறார்! சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடிவது ஞாயிறு விடியும்போது. மைன்ஸ் ஓடிய காலத்திலிருந்தே எங்கள் ஊரில் ஷிஃப்ட் தொடங்கிய நாள்தான் கணக்கு. ஆட்-இன்னுக்கு அது எப்படித் தெரியும்? ஞாயிறு விடுமுறை என்று ஹெட் ஆபீஸ் போட்டு வைத்த ஃபில்டர், நடுராத்திரிக்கு மேல் நடந்த வேலையை வாராவாரம் கழித்துக்கட்டியிருக்கிறது.

ஃபில்டரை மாற்றிப் பட்டனை அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை. எதிரே காலை நீட்டித் தூங்கிய யாரோ ஒருவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. ஒயிட்ஃபீல்டு தாண்டிய பிறகுதான் எண்கள் மாறின. நைட் ஷிஃப்ட் முதலிடத்துக்கு ஏறியிருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

மீட்டிங்கில் விளக்கினேன். மேனேஜர் தலையாட்டினார்.

"நல்லவேளை பாத்தீங்க மேடம். அப்போ செகண்ட் ஷிஃப்ட்தான் கடைசி. அதையே நிறுத்திடலாம்."

செகண்ட் ஷிஃப்ட் முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் எங்கள் சுரங்க லைன் வீடுகளிலிருந்து போகிறவர்கள். ரிப்போர்ட்டை மேலிருந்து மறுபடி சரிபார்த்தேன். எண்கள் சரியாகவே இருந்தன.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் முகம் மலர்ந்தது.

"இன்னாமே, நம்ம ஷிஃப்ட்டு பொழச்சிச்சா? அப்புறம் ஏன் மூஞ்ச இப்படி வச்சினு கீற?"

அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பக்கத்து வீட்டு அக்கா செகண்ட் ஷிஃப்டுக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து வாங்கிக்கொள்வார். அன்று அக்கா வரும் நேரத்துக்குள் கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாவியை நான்தான் கொடுக்க வேண்டும்.