அஞ்சலை அக்கா நட்ட கோரை

அன்று காலை எங்கள் நகரப் பூங்காவில் யாரும் பெயர் கூப்பிடவில்லை. தோட்ட வேலைக்காரர்கள் ஆறு பேரும் விளையாட்டரங்கின் பின்னால் வரிசையாக நின்றார்கள். எஸ்டேட்டில் செய்வதுபோல் தினமும் காலைப் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அஞ்சலை அக்காவின் வழக்கம். ஆறே பேருக்கு எதற்கு இந்த அமர்க்களம் என்று நான் கேலி செய்வேன். அன்று எல்லாரும் அவருக்காகக் காத்து நின்றபோதுதான் அவர் மகன் எனக்குப் போன் செய்தார். "அம்மா தூக்கத்திலயே போயிட்டாங்க, அங்கிள்."

அவரை அறிந்த உங்களுக்கு அவர் கைவேகம் தெரியும். பகாவ் பக்கத்து எஸ்டேட்டில் பல வருடம் களை வெட்டி மரத்தடியைச் சுத்தமாக வைத்திருந்தவர். மண் தெரியாத இடம் அவர் கண்ணுக்குக் குப்பை. அந்தக் கண்ணோடுதான் எங்களிடம் வேலைக்கு வந்தார்.

எங்கள் அரங்கின் கூரையில் விழும் மழைநீர் ஒரு கோரைப் பாத்தி வழியாக இறங்கித் தெளிந்து, தொட்டிக்குப் போய், மைதானப் புல்லுக்குப் பாயும். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் அக்கா அந்தப் பாத்தியை வேரோடு வழித்துவிட்டார். "பாருங்க சார், இப்பதான் இடம் இடமா இருக்கு" என்று என்னையே அழைத்துக் காட்டினார். அது களை இல்லை, மழைநீரை வடிகட்டும் கோரை என்று மேற்பார்வையாளனான நான் சொன்னேன்.

கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தற்காலிக வேலை, தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் வெட்டியதாக எழுதிவிடலாம் என்றேன்.

"வேணாம் சார். அவங்க வீட்லயும் அடுப்பு எரியணும்லா. நான் வெட்டுனேன், நானே சொல்றேன்."

அப்படியே அரங்கின் பொறியாளரிடம் போய்த் தன் உடைந்த மலாயில் சொன்னார். விழாவுக்குள் பாத்தி பழையபடி இல்லாவிட்டால் உனக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது. எழுதலாம் என்று சொன்ன நான் அங்கே வெட்கிப்போய் நின்றேன்.

லிங்கி ஆற்றோரம் அவர் தங்கை வீடு. ஞாயிற்றுக்கிழமை தங்கையும் நாத்தனார்களும் மண்ணோடு பெயர்த்த கோரையுடன் லாரியில் வந்து இறங்கினார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும். நானும் காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். "சார், நீங்க நட்டது நாளைக்கே சாஞ்சிரும். போய் டீ வாங்கிட்டு வாங்க" என்று அக்கா என்னைக் கரையேற்றிவிட்டார்.

சில நாளில், விழாவுக்கு முன்பே, நல்ல மழை. பொறியாளர் தொட்டி வாயில் ஒரு போத்தல் நீர் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பாத்தி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அதற்குப்பிறகு பெரட்டு முடியும்போதெல்லாம், "தெரியலன்னா வெட்டாத, கேளு" என்பார். யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அடக்கத்தன்று அவர் மகன் ஒன்றுதான் கேட்டார். "அம்மா மேல வைக்க அந்தக் கோரை கொஞ்சம் வேணும், அங்கிள்." கத்தியோடு நானே போனேன். வெட்டக் கூடாது என்று பலகை எழுதி வைத்தவனும் நான்தான். கோரை இடுப்பளவு நின்றது. அவரிடமிருந்து என்னோடு தங்கிவிட்ட பழக்கம் ஒன்று உண்டு. குனிந்து, "அக்கா, வெட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.