துரு மணலும் கூனியும்

ருவான்வெல்லையில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தால் கடல் மணக்கும். வெளியே இறப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் வந்துகொண்டே இருக்க, வாசலைத் தாண்டியதும் உப்பும் பாசியும் கலந்த ஈர வாசம் மூக்கில் ஏறும். கடலைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, நீல விளக்கின் கீழே ஓயாமல் குமிழியிட்டுக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடித் தொட்டிதான் கடல்.

தொட்டி என் அக்கா செல்வியுடையது. கொழும்புப் பக்கம் அலங்கார மீன் ஏற்றுமதி செய்த ஒரு கொம்பனியில் சில வருடம் வேலை பார்த்தவள், அதை மூடியபோது அங்கே கழித்துப்போட்ட தொட்டியொன்றையும், இரண்டு கோமாளி மீன்களையும், அங்கேயே வளர்த்த பவளத் துண்டுகள் சிலவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். அவளை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சை அம்மா அப்போதே தொடங்கியிருந்தார். பவளம் கிளைவிட்டு வளர்ந்தால் அதைத் துண்டு போட்டு வளர்த்து, கேகாலையில் மீன் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கொடுக்கலாம், ஊரோடு இருந்துவிடலாம் என்பது அக்காவின் நம்பிக்கை.

அந்தத் தொட்டியில் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. மீன் தின்று மிஞ்சியதும் அதன் கழிவும் நைட்ரேட்டாகவும் பொஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேரும். கூடிப்போனால் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும். அதற்காக அக்கா கரியையும், இரும்புத் துருவைப் பொடித்ததுபோல் செம்பழுப்பாக இருந்த ஒரு மணலையும் சின்ன வலைப் பைகளில் கட்டி வடிகட்டிக்குள் வைப்பாள். கரி தண்ணீரின் மஞ்சளை எடுக்கும், மணல் பொஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்கு "துரு மணல்" என்று பெயர். செம்மண் தண்ணீர்போல் ஓடுவது தெளியும்வரை அதைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் அலசுவது என் வேலை. சோதனைக் குப்பியில் மருந்துத் துளி விட்டு, நீலம் எவ்வளவு ஏறுகிறது என்று நானும் அவளும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். நீலம் கூடினால் பொஸ்பேட் கூடியிருக்கிறது என்று அர்த்தம், அக்காவின் முகம் சுருங்கும்.

அப்பா இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மழைக்காலத்தில் சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா பால் வெட்ட மலைக்கும் நான் பள்ளிக்கும் போனபின், அவர் பகல் முழுவதும் தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரிடமும் அதிகம் பேசாதவர் மீன்களிடம் மட்டும் ஏதோ முணுமுணுப்பார். சாயங்காலங்களில் அக்காவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பவளம் விரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் நான் கண்ட நிம்மதி அது ஒன்றுதான்.

சில மாதத்தில் பாசி கண்ணாடியில் அடைஅடையாகப் பிடிக்கத் தொடங்கியது. அளந்து அளந்து தீனி போட்டும் பொஸ்பேட் ஏன் ஏறுகிறது என்று அக்காவுக்கு விளங்கவில்லை. துரு மணலை இரண்டு மடங்காக்கினாள். ஒருநாள் வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்தபோது சிவப்புச் சிவப்பாகக் கூனி இறாலின் தலைகளும் ஓடுகளும் உதிர்ந்தன. அடுப்படி டப்பாவிலிருந்த காய்ந்த கூனியை அப்பா தினமும் அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் விரலால் நசுக்கி மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து தொறந்து மூடுதே புள்ள, பசிக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு, "ஒங்களாலதாங்கப்பா என் தண்ணி கெட்டுச்சு. இனிமே இதுக்குக் கிட்ட வராதீங்க" என்றாள்.

அப்பா நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே வாசலுக்குப் போனார். அதன்பிறகு அறைக்குள் வந்தாலும் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

பாசி நின்றது. சோதனைக் குப்பியில் நீலமே வரவில்லை. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்த தொட்டியைப் பார்த்து நாங்கள் இருவரும் பூரித்துப் போனோம். கூட்டிய மணலைக் குறைக்க அக்காவுக்குத் தோன்றவில்லை. அப்புறம் பவளங்கள் வெளுக்கத் தொடங்கின. ஊதா மங்கியது, பச்சை சாம்பலானது, நுனிகள் விரிய மறுத்தன. கொம்பனியில் கூட வேலை செய்த நிமலைப் போனில் பிடித்து அக்கா சிங்களத்தில் கேட்டாள். தண்ணீரை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிட்டாய், பவளத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டும், இப்போது அவை பட்டினி கிடக்கின்றன என்றாராம். போனை வைத்தவள் வெகுநேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போட்டதும் அவளுடைய மணல் எடுத்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிப் பவளம் பிழைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மணலில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, கூனி டப்பாவோடு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நீங்களே கொஞ்சம் போடுங்களேன்."

"வேணாம் புள்ள. எனக்கு அதெல்லாம் சரியா வராது" என்றார் அவர். கோபமே இல்லாத குரல். அதுதான் அவளை உடைத்துவிட்டது.

மணலைக் குறைத்தும் காலம் கடந்துவிட்டிருந்தது; பவளங்களின் தோல் உரிந்து வெறும் எலும்பானது. மீன்களைக் கேகாலைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்கு முன் அக்கா ஓமானுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் தலையில் கை வைத்தார். தொட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. போனில் பேசிய அத்தனை வருடங்களிலும் பேசவில்லை.

இப்போது அந்த முன்னறைக்குத் தரை ஓடு பதித்து, சுவர் எழுப்பி, இரண்டாகப் பிரித்துவிட்டோம். எதிர்மலையில் இறப்பர் மரங்களை வெட்டிவிட்டார்கள். பால் வெட்ட ஆளுமில்லை. போன வருடம் அப்பா இறந்தபோது அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. சடங்கெல்லாம் முடிந்தபின் போன் எடுத்து, கடைசியில் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றேன்.

"சரி" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாள்.