மூன்று முறை தாமதித்தால் பெயர் நீக்கப்படும்

ஜொகூர் பாருவில் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில், சனிக்கிழமை மதியங்களில் கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் நான் வாத்தியார், வயது இருபத்தாறு. எழுத்துத் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கும் கிராணி சொல்லியிருந்தார். அதனால்தான் போய்ச் சேர்ந்தேன். எழுத்தின் மேல் ஆசை என்று அப்போது ஒன்றும் கிடையாது.

வகுப்பு எடுத்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். எதிரே பதினோரு ஆண்கள்: வாத்தியார்கள், கடைக் கணக்கர்கள், சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர். அவரை எல்லோரும் நானா என்று கூப்பிட்டோம். ஊருக்குக் கடிதம் எழுத இன்னொருவர் தயவை நாடக் கூடாது என்பதற்காக அவர் வந்திருந்தார்.

முதல் நாள் பாடமே நடக்கவில்லை. கரும்பலகையில் வகுப்பின் விதிகளை எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். வகுப்பு இரண்டு மணிக்குத் தொடங்கும். வாரம் ஒரு பக்கம் மையால் எழுதி வர வேண்டும். எழுதியதை முதல் அரை மணியில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் அந்தப் பக்கம் திருத்தப்படாது. தாமதமாக வருபவர் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். மூன்று முறை தாமதித்தால் பெயர் நீக்கப்படும்.

எழுந்து நின்று வாசிப்பது என்ற இடம் வந்தபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குத் திக்குவாய். ஸ்டேஷனில் டிக்கெட் கேட்கக்கூட ஊர்ப் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுகிறவன் நான்.

முதல் வாரம் சூரியோதயம் பற்றி ஒரு பக்கம் கொண்டுபோனேன். பழைய பாடப் புத்தகம் ஒன்றிலிருந்து வரிகளை எடுத்துக் கோத்தது. நல்லவேளை, என் முறை வருமுன் அரை மணி முடிந்துவிட்டது. நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"மாஸ்டர், நீங்கள் செடெனாக்கில தானே இருக்கிறியள்?"

தலையாட்டினேன்.

"சூரியன் கடலுக்குள்ள இருந்து எழும்புது எண்டு எழுதியிருக்கிறியள். செடெனாக்கில கடல் எங்க இருக்கு?"

நோட்டில் சிவப்பு மையே படவில்லை. "உங்கட தோட்டத்தில விடியிறது எப்பிடியோ, அதை எழுதிக்கொண்டு வாங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அதை எழுதினேன். ரப்பர் பால் வாளிகளோடு பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கும் ஆட்கள், பனியில் நனைந்த மரங்கள், உச்சி இலைகளில் மட்டும் முதலில் விழும் வெளிச்சம். எழுத எழுத எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அதை வாசிக்க வேண்டுமே. ரயிலை விட்டு இறங்கி, சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, இரண்டரை மணிக்கு மாடியேறினேன். 'ரயில் தாமதம்' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதே ரயிலில் வரும் குலாய்க்காரர் ஒருவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஆசிரியை அவரைப் பார்த்தார், என் காகிதத்தைப் பார்த்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்காவது வாரம் இரண்டு மணிக்கே போய்விட்டேன். இன்னொரு தாமதம் என்றால் பெயர் போய்விடும். அன்று ஆசிரியையைக் காணோம். இரண்டேகாலுக்குப் படியில் சத்தம் கேட்டது. வந்தவர் உள்ளே நுழையவில்லை. வாசலுக்கு வெளியே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

நானாதான் எழுந்து போனார். "என்னம்மா, உள்ள வாங்க. நீங்களே இப்படி வெளிய உட்காரலாமா?"

"விதி எனக்கும்தானே, நானா. கொஞ்சம் பொறுங்கோ."

எழுதி முடித்து, காகிதத்தை நானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலோடு கடைத்தெருவில் நடக்க வெட்கமாக இருந்தது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று ஒரு கடைக்குப் பின்னால் நின்று தைத்துக்கொண்டு வந்தேன். நடந்தே வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார். பஸ் மேல் பழி போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

அன்று வாசிப்புக்கு நேரம் இல்லாமல் போனது. ஆனால் ரயிலில் திரும்பும்போது எனக்கு அந்தக் காகிதத்தின் நினைவாகவே இருந்தது.

மறு சனிக்கிழமை மறுபடியும் சந்தையைச் சுற்றினேன். கால் மாடிப்படிக்குப் போக மறுத்தது. கடைசியில் அதே முக்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ரயில் மூன்று முறையும் நேரத்துக்கு வந்தது. எனக்குத் திக்குவாய். வாசிக்கப் பயந்து சந்தையில் நின்றேன். பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது மட்டும் திக்காது. தனியாக நின்றால் வார்த்தை வராது. இதை எழுதியதால் பெயரை நீக்க வேண்டாம் என்று கேட்கவில்லை.

ஆசிரியை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து என் பெயரை ஒரு கோட்டால் அடித்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கப் போனேன்.

"எங்க போறியள்? புதுசா ஒரு ஆள் சேரக் கூடாது எண்டு விதி ஒண்டும் இல்லையே."

பதிவேட்டின் கடைசியில் என் பெயரை மறுபடி எழுதினார். "இவர் இண்டைக்குத்தான் சேர்ந்தவர். இன்னும் ஒரு நாளும் பிந்தேல்ல." அப்புறம் வகுப்பைப் பார்த்து, "இவரோட சேர்ந்து வாசிக்க ஒராள் வேணும்" என்றார்.

நானா ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். "வாங்க வாத்தியாரே. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நீங்க எனக்கு எழுத்தைக் காட்டுங்க, நான் உங்களுக்குச் சத்தம் தர்றேன்."

தோட்டத்து விடியல் பற்றிய பக்கத்தை இருவரும் சேர்ந்து வாசித்தோம். கரகரவென்ற அவர் குரலுக்குள் என் குரல் ஒளிந்துகொண்டு போனது. ஒரு சொல்கூடத் திக்கவில்லை. உச்சி இலை வெளிச்சம் வந்ததும் நானா நிறுத்தி, "அட, அருமையா இருக்கே! இதை நீங்களா எழுதுனீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்படிப் பல வாரங்கள் வாசித்தோம். போகப்போக நானா தன் குரலைக் குறைத்துக்கொண்டே வந்தார்; நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் பாதிப் பக்கத்தில் அவர் வாயே அசையவில்லை என்று கண்டேன். பயந்துபோனேன், நான்கைந்து இடத்தில் திக்கினேன், ஆனாலும் பக்கத்தை முடித்தேன்.

தேர்வில் தேறினேன், வேலை நிலைத்தது. என் பள்ளியில் பிள்ளைகள் யாராவது வாசிக்கப் பயந்தால், துணைக்கு இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தினேன். அது நான் கண்டுபிடித்தது அல்ல என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வகுப்பன்று நானா கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய ரொட்டி கொண்டுவந்தார். ஆசிரியை சிரம்பானுக்கு மாற்றலாகிப் போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் விடைபெற்ற பிறகு நான் அவர் முன்னால் போய் நின்றேன். 'நன்றி' என்ற சொல் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர் எனக்காக அதைச் சொல்லி முடிக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பவும் இல்லை. கையிலிருந்த புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல் முழுதாக வெளியே வரும்வரை நின்றார்.