பாறைக் களமும் முப்பத்திரண்டு எம்.பி.யும்

அன்று கடையில் நான், பெரியப்பா மகனான அண்ணன், அண்ணி மூவரும் இருந்தோம். இல்லாதவர், எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற சேலத்துக்காரர். "நாளைக்கு வாரேனுங்க" என்று, நாங்கள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடும்போதெல்லாம் சொன்னவர், பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, இரண்டு கறவை மாடுகளை விற்று அண்ணன் போட்ட கடை அது. டைப் அடிப்போம், நோட்டீஸ் தயாரிப்போம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் மெஷின் என் பொறுப்பு. அது சில மாதங்களிலேயே படுத்துவிட்டது. ஓர் எழுத்தை அடித்தால், திரைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்தது.

அரியூர் நாட்டுக் கோயில் நோம்பித் திருவிழா நோட்டீஸ் மாலை பஸ்ஸில் நாமக்கல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் மரவள்ளி லாரியில் மெஷினை ஏற்றி, பாதி விலைக்குக் கேட்டிருந்த ஒருவருக்கு அனுப்பிவிடுவதென்று அண்ணன் முடிவு செய்திருந்தார்.

"மலை ஏறுனதுல உள்ள என்னமோ ஆடிப்போச்சுடா. எழுவது வளைவு. நமக்கே தலை சுத்துது, அது என்ன பண்ணும்?"

"அது என்ற மடியில போர்வைக்குள்ள தூங்கிக்கிட்டுத்தானுங்க வந்துச்சு" என்றார் அண்ணி.

அந்நேரம் கரண்ட் போனது. திரும்ப வந்ததும், அவசரத்தில் நோட்டீஸை மட்டும் திறந்தேன். எழுத்து தடையில்லாமல் ஓடியது.

எனக்கு ஆச்சரியம். வழக்கமாகக் கடை திறந்ததும், யார் வந்து எதைக் கேட்டாலும் தயாராக இருக்கட்டும் என்று எல்லா புரோகிராமையும் திறந்து கீழே சுருக்கி வைப்பேன். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான்காவதைத் திறந்ததும், பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. உள்ளே ஏதோ அரைபடும் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினேன். நான் திறந்தவை நான்கு. அங்கே இருந்ததோ அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். யார் யாரோ கொண்டுவந்த சி.டி.க்களைப் போட்டபோது கூடவே குடியேறி, மெஷினைப் போட்டதும் தாமாக எழுந்துகொள்பவை. ஒன்று டெலிபோன் அழைப்புக்காகக் காத்திருந்தது.

"போன் கம்பியே இல்லாத கடையில போனுக்கு ஒருத்தன் உக்காந்திருக்கானா? சேலத்தானாத்தான் இருப்பான்!" அண்ணன் அந்த வாரத்தில் அப்போதுதான் சிரித்தார்.

"வேலை இல்லாம எதுக்குத் தம்பி உக்காந்திருக்குது?"

அண்ணியின் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பாறைதான் நினைவுக்கு வந்தது. சாமையும் நெல்லும் அடிக்க எல்லோருக்கும் அந்த ஒரே பாறைக் களம். கதிர் வயலில் இருக்கும்போதே விடியலில் வந்து பாயை விரித்து, மேலே கல்லை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். இவையும் அப்படித்தான்; கூப்பிட்டதும் சட்டென்று வர, முன்கூட்டியே பாய் போட்டிருக்கின்றன. ஹார்ட் டிஸ்க், தானியம் கொட்டி வைக்கும் வீட்டுக் குதிர். அங்கே எவ்வளவு கிடந்தாலும் பாறைக்குக் கொண்டுவந்து பரப்பினால்தான் வேலை. மெமரிதான் பாறை, எங்களுடையது முப்பத்திரண்டு எம்.பி. இடம் போதாவிட்டால் ஒருவருடைய பாதி அடித்த கதிரைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொருவருடையதைப் பரப்ப வேண்டும். அரைபடும் சத்தம் அந்தப் போக்குவரத்துதான்.

"அடேய், தெனமும் எல்லாத்துக்கும் பாய் போட்டு வச்சது நீதானா? மெஷின் மேல பழி போட்டுக்கிட்டு இருந்தியே!"

"மலை மேல பழி போட்டது ஆருங்க?" என்றார் அண்ணி.

ஒவ்வொரு பாயாகச் சுருட்டினேன். உற்சாகத்தில் பிரின்டருக்கானதையும் மூடிவிட, பிரின்டர் அசையவே இல்லை. சில பாய்களுக்கு உண்மையிலேயே ஆள் உண்டு என்று அப்போது புரிந்தது. மெஷினை அணைத்துப் போட்டு, மற்றவற்றைச் சுருட்டி, அதை மட்டும் விட்டுவைத்தேன். பஸ் ஹாரன் அடிக்கும்போது கடைசித் தாள் வெளியே வந்தது. அண்ணன் அதை மடிக்கக்கூட இல்லை. ஈர மை காய அசைத்துக்கொண்டே ஓடினார்.

மறுநாள் லாரி வெறும் மரவள்ளியோடு இறங்கியது. அடுத்த வாரம் பாறையை அகலப்படுத்த நான் சேலம் போனேன். மெமரி ஆயிரத்து நூறு, பஸ்ஸும் சாப்பாடும் எண்பது. ஆக, மெஷின் எங்களோடு தங்க ஆன செலவு ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.